தங்கராசு விழுந்துவிட்டார்

1

போன வாரம் ஒரு காலை, போனில் செய்தி வந்தது. 'கடந்த ஆண்டு எங்களோடு ஓடியதற்கு நன்றி, தங்கராசு! இந்த ஆண்டும் ஆவிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன' என்று மலாயில் எழுதி, கீழே ஒரு மண்டை ஓடு படம் போட்டிருந்தார்கள்.

தங்கராசு என் கணவர். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. உயிரோடு இருந்த காலத்தில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர்.

ஓடியது நான். பெயர் வசந்தா, வயது அறுபத்திரண்டு. சொந்த ஊர் அறந்தாங்கி. கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து, அவர் பின்னால் கைக்குழந்தையோடு பினாங்குக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். கல்யாணத்தோடு நிறுத்திவிட்டு, அவர் போன பிறகுதான் மறுபடியும் ஷூ வாங்கினேன். காலையில் எழுந்ததும் வீட்டில் பேச ஆளில்லை. அதற்காக ஆரம்பித்த ஓட்டம்தான்.

அந்தச் செய்தியை இரண்டு நாள் அழிக்காமல் வைத்திருந்தேன். பிறகு என் மகன் கதிரிடம் காட்டினேன். அவன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் என் தோழிகள், 'உனக்கு என்னதான் ஆச்சு, ஒழுங்காகச் சொல்லு' என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்காகவே சொல்கிறேன்.

2

முதலில் இந்தப் பெயர் விவகாரம்.

நம் ஊரில் எனக்கு ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து. கல்யாணத்துக்கு முன் மு. வசந்தா, பின் த. வசந்தா. பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தத் 'த'வை விரித்து எழுதச் சொன்னார்கள். 'குடும்பப் பெயர்: தங்கராசு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே வசந்தா. அங்கே அதோடு முடிந்தது. இங்கே வந்ததும் அது வேறு கதையானது. இந்த நாட்டில் தமிழர் பெயருக்கு நடுவே மகன், மகள் என்பதைக் காட்ட இரண்டு எழுத்து போடுவார்கள். கிளினிக்கில் முதல் தடவை சீட்டு எழுதிய பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, 'வசந்தா, தங்கராசுவின் மகள்' என்று எழுதிவிட்டாள். அது ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போய், கதிரின் பள்ளிக்கூடம்வரை பரவியது. திருத்தக் கேட்டு நான் அலைந்தது ஒரு வருடம். மூன்று கவுண்டர்கள், இரண்டு சத்தியக் கடிதங்கள். கடைசியில் விட்டுவிட்டேன். வீட்டில் அவர், "என்ன மகளே, சோறு ஆச்சா?" என்று கேட்பார்.

மொழியும் அப்படித்தான் படுத்தியது. மலாயில் தேங்காய்க்கும் தலைக்கும் இரண்டு எழுத்துதான் இடம் மாறும். வந்த புதிதில் பாசார் என்கிற சந்தையில் ஒரு மலாய்க்காரரிடம், 'பாதித் தலை கொடுங்கள், துருவிக் கொடுத்தால் நல்லது' என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டுத் தேங்காயை எடுத்தார். தெருமுனைகளில் 'ஜாலான் மாத்தி' என்று பலகை இருக்கும். ஜாலான் சாலை, மாத்தி சாவு என்று அகராதியில் பார்த்துவிட்டு, அந்தச் சந்துகளை ஆறு மாதம் சுற்றிக்கொண்டு போனேன். முட்டுச்சந்துக்கு அதுதான் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆவி ஓட்டத்துக்கு என்னை இழுத்தவள் லில்லி. பக்கத்து மாடி. என்னைவிட நான்கு வயது மூத்த சீனத்தி; தினமும் காலையில் சேர்ந்து ஓடுவோம். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களில் ஏழு கிலோமீட்டர், எல்லோரும் பேய் வேஷத்தில் ஓட வேண்டும் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. "ஏழாம் மாதம் முடிந்துதான் வைத்திருக்கிறார்கள். உண்மையானவர்களெல்லாம் திரும்பிப் போயாகிவிட்டது. இல்லாவிட்டால் நானே வரமாட்டேன்," என்றாள். சீனர்களுக்கு அந்த மாதம் இறந்தவர்கள் வந்து போகும் மாதம். அதில் அவள் விளையாடமாட்டாள்.

பதிவுப் படிவத்தை அவள்தான் நிரப்பினாள். என் பாஸ்போர்ட்டின் முதல் வரியைப் பார்த்துப் பெயர்க் கட்டத்தில் அடித்தாள். அவசரத் தொடர்புக்குக் கதிரின் எண். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை வந்தபோது அதில் பெரிதாக 'தங்கராசு' என்று இருந்தது. மாற்ற நேரமில்லை. லில்லி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதைக் குத்திக்கொண்டபோது ஏனோ கொஞ்சம் கனமாக இருந்தது.

3

கதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிம்பாங் அம்பாட்டில் வேலை, அங்கேயே வீடு. கடல் பாலத்தைத் தாண்டி எங்கள் தீவுக்கு வர முக்கால் மணி நேரம். அப்பா போன பிறகு வருவது குறைந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பிடுவான், போனைப் பார்ப்பான். அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். வழக்கமாகப் பிள்ளைகள் விலகுவதுதானே என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வளர்ந்தவன், அவனுக்கு வருத்தப்படுவதற்கும் வேறு மொழி இருக்கும்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுப்பான். இங்கே ஏமாற்றுக்காரர்கள் நாளுக்கு நாலு தடவை கூப்பிடுவார்கள்: போலீஸ் பேசுகிறோம், பேங்க் பேசுகிறோம் என்று. யாரும் எடுப்பதில்லை. இவன் சாப்பாட்டுக் கையோடு எடுத்து, கடைசிவரை கேட்டுவிட்டு வைப்பான். "ஏண்டா, தெரியாத நம்பர எடுக்கற?" என்றால், "இருக்கட்டும்மா," என்பான்.

இதில் எனக்கு என் அப்பா நினைவு வரும். அவர் அறந்தாங்கியில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் சேவகர். அவர் சைக்கிள் ஒரு தெருவுக்குள் திரும்பினால் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்த தெருவில், சாவுச் செய்தியைத் தவறான வீட்டில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் மகன் வெளியூரில் இருந்தான். அரை நாள் அழுதார்கள். விஷயம் தெரிந்ததும் அப்பா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் சந்தோஷத்தில் காப்பிகூடக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் அம்மா அவன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதன் பிறகு அப்பா கதவைத் தட்டினால் பெயரை இரண்டு தடவை கேட்காமல் தாளை நீட்டமாட்டார்.

என் கணவர் இறந்தது ஒரு பஸ் நிறுத்தத்தில். ஜெலுத்தோங் பக்கம், காலை பத்து மணி வாக்கில், மருந்து வாங்கிவிட்டுத் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். எனக்குச் செய்தி வந்தபோது மணி இரண்டு. அந்த நாலு மணி நேரம் ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று நான் எல்லோரையும் சபித்திருக்கிறேன்.

4

ஓட்டம் மாலை ஆறே முக்காலுக்கு. பாடாங் கோத்தா கடற்கரைத் திடலில் கூட்டம். கடல் மேல் வெளிச்சம் மிச்சமிருந்தது. தலையைக் கையில் ஏந்தியவர்கள், பச்சை முகத்தோடு இரண்டு கையும் முன்னால் நீட்டிக் குதிக்கும் சீனப் பிணங்கள், முடியை விரித்த வெள்ளைப் பாவாடைப் பெண்கள். வேஷமில்லாமல் வந்தவர்களுக்குப் பூசிவிட ஒரு கூடாரம் இருந்தது. ஒரு சின்னப் பெண் என் முகத்துக்கு வெள்ளை அடித்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வைத்தாள். வாயின் வலது ஓரத்திலிருந்து தாடைவரை சிவப்பை வழியவிட்டாள். தோளில் கிழிந்த வலைத்துணி ஒன்றைப் போட்டாள். கண்ணாடியைக் காட்டியபோது எனக்கு அதில் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

புறப்பட்டோம். முதல் இரண்டு கிலோமீட்டர் கலகலப்புதான். லில்லி வேகமாகப் போகிறவள்; "முடிவில் பார்க்கலாம், வாழைப்பழம் எடுத்து வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பழைய கடை வரிசைகளுக்குள் நுழைந்ததும் இருட்டியது. ஏற்பாட்டாளர்கள் புகை அடித்துவிட்டிருந்தார்கள். சந்து வாய்களில் சம்பளத்துக்கு நின்ற பேய்கள் அசையாமல் நின்று, நாம் கடக்கும்போது தலையை மட்டும் திருப்பின. பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு எனக்குப் பின்னால் ஒருவர் காலை இழுத்துக்கொண்டு ஓடிவருவது கேட்டது. ஒரு அடி 'தப்', அடுத்த அடி 'சர்ர்'. வேஷத்துக்காக யாரோ அப்படி ஓடுகிறார் என்று நினைத்தேன். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் தாண்டவில்லை. நான் வேகம் குறைத்தேன், அவரும் குறைத்தார். கூட்டினேன், கூட்டினார். முதுகுக்குப் பின்னால், இரண்டு முழம்கூட இல்லை. தப், சர்ர். தப், சர்ர். திரும்பிப் பார்த்தேன். புகைதான் இருந்தது.

நான் நின்றேன். சத்தமும் நின்றது.

மறுபடி ஓடத் தொடங்கியபோது குனிந்து பார்த்தேன். என் வலது ஷூவின் முனை தார்ச்சாலையில் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கால் எனக்குச் சொந்தமில்லாத எதையோபோல என்னோடு வந்துகொண்டிருந்தது.

5

சுவரைப் பிடித்துக்கொள்ள வலது கையை நீட்டினேன். கை வரவில்லை. இடது கையால் பிடித்து, கண்ணில்பட்ட சந்துக்குள் நாலடி போனேன். அங்கே சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஒரு பலகை. ஜாலான் மாத்தி.

வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கேட்டது. கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. மலாய் வரவில்லை, இங்கிலீஷ் வரவில்லை. 'அம்மா' என்று சொல்ல எவ்வளவு வேண்டும்? அதுவும் வரவில்லை. தொண்டையிலிருந்து மாடு போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

எனக்கு முன்னால் பேய்கள் ஓடின. ஒவ்வொன்றும் சந்து வாயில் ஒரு கணம் நின்று, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போயின. ஒரு மலாய்ப் பெண், 'இந்த அம்மா ரொம்ப நல்லாச் செய்கிறார்' என்றாள். அடுத்து இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் தமிழ் பேசினார்கள். தமிழ்க் குரல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"ஐயோ, இந்த ஆண்டிய பாரேன்லா! வாய ஒரு பக்கமா இழுத்து வெச்சிருக்காங்க. எப்படித்தான் பண்றாங்களோ!"

"கண்ணு சிமிட்டவே இல்லடி. எனக்குப் பயமா இருக்கு, வா போவலாம்."

"இரு, ஒரு போட்டோ."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டினாள். அவளுடைய சூடும் வேர்வையும் எனக்குத் தெரிந்தது. நான் அவளைப் பார்த்தேன். 'மகளே, நான் வேஷம் இல்லை' என்று கண்ணாலேயே கத்தினேன். "தேங்க்ஸ் ஆண்டி," என்று தோளைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஒருவேளை நான் ஏற்கெனவே போய்விட்டேன். இது இப்படித்தான் இருக்கும்போல. எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள், பேசுவார்கள், தொடுவார்கள், நாம் இருப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அவர் அந்தப் பஸ் நிறுத்தத்தில் கிடந்தபோதும் இப்படித்தான் காலைக் கூட்டம் அவரைத் தாண்டிப் போயிருக்கும். நெஞ்சில் அவர் பெயர். எனக்கு என் மேல் இரக்கம் வரவில்லை, அவர் மேல் வந்தது. எவ்வளவு நேரம் இப்படிக் கிடந்தீர்கள் என்று கேட்டேன். மனசுக்குள்தான்.

6

சந்தின் உள்ளிருந்து, இருட்டிலிருந்து, ஒரு வெள்ளை உருவம் குதித்துக் குதித்து வந்தது. தலை முதல் கால்வரை கோடித் துணி. உச்சியில் ஒரு முடிச்சு, கணுக்காலில் ஒரு முடிச்சு. மலாய்க்காரர்கள் பயப்படும் பேய் அது. கட்டு அவிழ்க்காமல் புதைத்த பிணம் குதித்துத் திரியும் என்பார்கள். அது என் முன்னால் வந்து நின்றது. முதலில் மலாயில், பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசியது.

"அக்கா, இது என் இடம்லா. எனக்கு இங்கதான் நிக்கச் சொல்லிருக்காங்க. உங்கள யாரு இங்க போட்டாங்க?"

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா?"

அவன் பார்வை கீழே போனது. என்னையறியாமல் சிறுநீர் போயிருந்தது, தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த நடிகையும் அதைச் செய்யமாட்டாள். அவன் முகம் மாறியது. குனியப் பார்த்தான். கால் கட்டியிருந்ததால் மரம்போல என் பக்கத்தில் விழுந்தான். புரண்டு எழுந்து, தெருவை நோக்கிக் குதித்துப் போனான். "ஹெல்ப்! தோலோங்! உண்மையாத்தான் சொல்றேன், ஆள் விழுந்துட்டாங்க!" என்று கத்தினான்.

ஒரு பிணம் குதித்து வந்து கத்துவதைப் பார்த்து ஓட்டக்காரர்கள் சந்தோஷமாகக் கூச்சல் போட்டு விலகி ஓடினார்கள். அவன் கத்தக் கத்த அவர்கள் சிரித்தார்கள். கடைசியில் துணியைப் பல்லாலும் கையாலும் கிழித்து எறிந்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு நடுத்தெருவில் படுத்தேவிட்டான். அதன் பிறகுதான் ஒரு தொண்டர் நின்றார்.

அவன் பெயர் மகேன். சுங்கை பாக்காப்பில் வீடு, தொழிற்சாலையில் வேலை, வார இறுதியில் இப்படி ஏதாவது. அன்று அவன் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

தொண்டர் வாக்கிடாக்கியில் என் எண்ணைச் சொன்னார். கடற்கரையில் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பட்டியலில் எண்ணைத் தேடி, பெயரைப் பார்த்து, எதிரே இருந்த அவசரத் தொடர்புக்குப் போன் செய்தார். அவர் என்னைப் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரு பெயர் மட்டும்தான்.

ஆம்புலன்ஸில் பாதி வழியில் எனக்குப் பேச்சு வந்தது. தமிழ் மட்டும் வந்தது. மருத்துவமனையில் டாக்டர் மலாயில் கேட்டது எல்லாம் புரிந்தது. பதில் தமிழில்தான் விழுந்தது. முப்பது வருடமாகச் சேர்த்த இரண்டு மொழியையும் யாரோ துடைத்து எடுத்துவிட்டார்கள். முகத்தில் பஞ்சும் சுண்ணாம்புமாக மகேன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான். கொஞ்ச நேரத்தில் லில்லி வாழைப்பழத்தோடு பச்சை முகமாக ஓடிவந்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த கிழவர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி ஏதோ ஓதத் தொடங்கினார். ஒரு நர்ஸ் ஈரத் துணி கொண்டுவந்து, "முதலில் எல்லோரும் முகத்தைத் துடையுங்கள்," என்று அதட்டினார்.

மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைத்து விலகியிருக்கிறது, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததுதான் காரணம் என்றார்கள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். லில்லிதான் போனில் தேடி, அந்தப் பெண் ஏற்கெனவே ஊர் பார்க்கப் போட்டுவிட்ட படத்தைக் கண்டுபிடித்தாள். அதில் நேரம் இருந்தது. படத்தில் அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் இருப்பது நான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கதிர் வந்தபோது மணி ஒன்பதைத் தொட்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பூச்சுப் போட்ட எங்களைவிட அவன் முகம் வெளுத்திருந்தது. என்னையே பார்த்தான், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

7

மறுநாள் மாலை, லில்லி தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் கதிர் சொன்னான்.

"அம்மா, போன் வந்திச்சு. தெரியாத நம்பர். 'என்சிக் தங்கராசு ஜாத்தோ'ன்னாங்க. தங்கராசு விழுந்துட்டாரு, உடனே வாங்கன்னு. பின்னாடி ஏதோ பேய் மியூசிக், பொம்பள சிரிக்கிற சத்தம். லைன் விட்டு விட்டு வந்திச்சு. எங்கன்னு கேட்டேன். 'ஸ்டாப்'னு மட்டும் காதுல விழுந்திச்சு. கட்டாயிடுச்சு."

மேஜையில் இருந்தவர் சொன்னது வாட்டர் ஸ்டாப். ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் இடம். நான் விழுந்தது அதற்குப் பக்கத்தில். கதிருக்கு நான் ஓடப் போயிருப்பதே தெரியாது. சொன்னால் திட்டுவான் என்று சொல்லவில்லை.

"நீ எங்கடா போன?"

"பஸ் ஸ்டாப்புக்கு."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன்.

"எந்த பஸ் ஸ்டாப்?"

"அதேதான்மா. ஜெலுத்தோங்." அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு எனக்குத்தான்மா முதல்ல போன் வந்திச்சு. பத்து மணிக்கு. அப்பா பர்ஸ்ல என் நம்பர் எழுதி வெச்சிருந்தாரு போல. யாரோ அவுங்க போன்லேர்ந்து மூணு தடவ அடிச்சாங்க. நான் எடுக்கல. அப்பறம் வாட்ஸ்அப்ல, உன் அப்பா பஸ் ஸ்டாப்ல விழுந்துட்டாரு, வான்னு மெசேஜ். எல்லாரும் சொல்ற ஸ்கேம் மாதிரியே இருந்திச்சு. நான்… பிளாக் பண்ணிட்டேன்மா."

மூன்று வருடமாக நான் சபித்த நாலு மணி நேரம் அது. அது என் பிள்ளையிடம் இருந்திருக்கிறது.

நான் கையை அவன் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். என்னால் அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. "கொஞ்ச நேரம் வெளிய இரு," என்றேன். அவன் போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான், உட்காரவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். அவர் யாருக்காகக் காத்துக்கொண்டு கிடந்தார் என்பது இப்போது தெரிந்துவிட்டதே என்று அழுதேன். பிறகு முப்பதை நெருங்கும் பையன் மூன்று வருடம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பொய்க்காரனின் போனையும் எடுத்து எடுத்துக் கேட்டதை நினைத்து அழுதேன்.

இருட்டிய பிறகு அவனைக் கூப்பிட்டேன். "நீ எடுத்திருந்தாலும் பாலம் தாண்டி வர முக்கால் மணி நேரம்," என்றேன். அவன் தலையாட்டினான். என் மாத்திரைச் சீட்டை எடுத்து நேரங்களைப் போனில் ஏற்றத் தொடங்கினான்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வருகிறான். அப்பாவைப் பற்றிப் பேசுகிறோம். டாக்டர் மெதுவாக ஓடலாம் என்றதும் முதல் நாள் கூட வந்து, இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றது அவன்தான்.

8

போன வாரம் அந்தச் செய்தியைக் காட்டினேன். 'நன்றி, தங்கராசு' என்பதைப் படித்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அம்மா, நீங்க விழுந்த அன்னைக்கு அந்த பஸ் ஸ்டாப்ல ஒரு ஆள் இருந்தாரு. உங்ககிட்ட சொல்லல."

"யாரு?"

"தெரியல. காடிய நிறுத்தறேன், பெஞ்ச்ல வெள்ள மொகத்தோட ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. கிட்ட போனா பெயிண்ட். ஓட்டத்துக்குப் போயிட்டு வீட்டுக்குப் போறவரா இருக்கும். எனக்கு அப்ப அந்த ஓட்டம் பத்தியே தெரியாதே. தமிழாளுதான். வயசு தெரியல, பூச்சுல எங்க தெரியும்."

"என்ன பேசின?"

"ஒக்காந்துட்டேன்மா. எல்லாத்தையும் சொன்னேன். போன் வந்தது, எடுக்காதது, பிளாக் பண்ணது, இப்ப மறுபடியும் அவர் பேர் சொல்லி போன் வந்தது. அவரு குறுக்க பேசல. முழுசாக் கேட்டாரு. பஸ் வந்திச்சு. எந்திரிச்சாரு. 'சரி, அத விடு. போய் அம்மாவ பாரு'ன்னாரு. ஏறிப் போயிட்டாரு. பஸ் முனைகூடத் திரும்பல, அதுக்குள்ள ஆஸ்பத்திரிலேர்ந்து லில்லி ஆண்டி போன்."

அவன் என்னைப் பார்த்தான்.

"நான் உங்களப் பத்தி ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லலம்மா. நல்லா ஞாபகம் இருக்கு."

கவிழ்ந்து கிடந்த போனை நான் நிமிர்த்தி வைத்தேன்.

அப்பா இறந்த கதையைக் கேட்ட யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள் என்பது எல்லோரும் சொல்லும் சொல்தான். ஏழு கிலோமீட்டரை வேகமாக முடித்த ஒருவர் அந்த நேரத்துக்கு ஜெலுத்தோங் போய்ச் சேர்ந்திருக்கவும் முடியும். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முடியும். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே, அவர் எப்படி உட்கார்ந்திருந்தார், குரல் எப்படி இருந்தது, எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டாரா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான்.

ஒன்றை மட்டும் கேட்டேன்.

"நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"'சரிப்பா'ன்னேன்," என்றான் கதிர். "வாயில அப்படித்தான் வந்திச்சு."